அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?

ஹாஸ்டல்ல இந்தப் பேச்சைக் கேக்காம யாரும் ஃபைனல் இயரைத் தாண்டியிருக்க மாட்டீங்க. "எங்கேயோ போய் வேலை பாக்கறதுக்கு நாமளே ஒரு யூனிட் போடலாம் மச்சி" என்பான் ஒருத்தன். "போடலாம், ஆனா இந்தியாவுல லைசன்ஸ் வாங்கறதுக்குள்ள முடி நரைச்சிடும்" என்பான் இன்னொருத்தன். எல்லாரும் சிரிப்பாங்க. பேச்சு அதோட முடியும், மெஸ்ஸுக்குக் கிளம்பிடுவோம்.

அந்த இரண்டாவது பையன் சொன்னதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியை நாம யோசிக்கறதே இல்லை. எத்தனை லைசன்ஸ், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கேக்கறோம். லைசன்ஸ்ல என்ன எழுதியிருக்கு என்று யாருமே கேக்கறது இல்லை. முதல்ல கேக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. ஏன்னா வேலைக்குப் போனாலும் சரி, யூனிட் போட்டாலும் சரி, அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறது நாமதான்.

ஒரு யூனிட் போட்டுப் பாப்போம்

ஒரு பேச்சுக்கு, நீங்களும் உங்க நண்பர்கள் ரெண்டு பேரும் லித்தியம் பேட்டரி பேக் அசெம்பிள் பண்ற சின்ன யூனிட் ஆரம்பிக்கறீங்கன்னு வைங்க. செல்லை வெளியில வாங்கி, ஸ்பாட் வெல்டிங் பண்ணி, பி.எம்.எஸ். போர்டு மாட்டி, டெஸ்ட் பண்ணி விக்கணும். ஈ.ஈ.ஈ. பசங்களைக் கேட்டா "இதெல்லாம் மினி ப்ராஜெக்ட்" என்பாங்க.

முதல்ல உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தா ஆன்லைன்ல இலவசமாவே முடியும். அடுத்து ஜி.எஸ்.டி. இதுவும் வீட்ல உக்காந்தே முடியற வேலை. இதுவரைக்கும் ஜாலிதான்.

அதுக்கப்புறம் இடம். நீங்க பாத்து வெச்ச ஷெட் இருக்கற நிலம் எந்த வகைப்பாட்டுல இருக்கு, அங்க தொழிற்சாலை நடத்தலாமா என்று பாக்கணும். விவசாய நிலம்னா நகர் ஊரமைப்பு இயக்ககத்தோட வாசலுக்குப் போகணும். கட்டட அனுமதி தனி. ஊராட்சியோ நகராட்சியோ, உள்ளாட்சி அமைப்போட அனுமதி தனி. மின் இணைப்பு தனி. ஆள் எண்ணிக்கை கூடினா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வரும். கட்டடத்தையும் செய்யற வேலையையும் பொறுத்து தீயணைப்புத் துறையோட சான்று வரும். நீங்க செய்யற பேட்டரியையே விக்கறதுக்கு பி.ஐ.எஸ். தரநிலை வரும்.

நடுவுல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ரெண்டின்படியும் அவங்க இசைவாணை தரணும். அதுவும் ரெண்டு தடவை. கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு 'இசைவாணை' என்ற சொல் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 'இசைவு' என்பது வெறும் பர்மிஷன் இல்லை, ஒத்துக்கறது. யார், எதுக்கு, என்ன நிபந்தனையோட ஒத்துக்கறாங்க என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு.

இதுல ஒரு நல்ல விஷயமும் உண்டு. 2016-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரிச்சது. ஒரு தொழில் எவ்வளவு மாசு பண்ணும் என்பதுக்கு 100-க்கு மதிப்பெண். அப்ப 60-ம் அதுக்கு மேலயும் சிவப்பு, 20 வரைக்கும் வெள்ளை என்று வெச்சிருந்தாங்க. சைக்கிள் அசெம்பிள் பண்றது மாதிரியான வெள்ளை வகைக்கு இசைவாணையே வேண்டாம், தகவல் கொடுத்தா போதும். ஆபத்துக்குத் தக்கபடி கட்டுப்பாடு. இஞ்சினியர் மூளையில உதிச்ச விதி மாதிரி இருக்கில்ல?

எரிச்சல் நியாயமானதுதான்

இவ்வளவையும் படிக்கும்போதே உங்களுக்கு மூச்சு முட்டியிருக்கும். பெரிய கம்பெனிக்கு இது பிரச்சினையே இல்லை. அவங்ககிட்ட இதுக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும், வக்கீல் இருப்பாங்க, சிப்காட்ல இடம் இருக்கும். மூணு பேர் சேர்ந்து ஆரம்பிக்கற யூனிட்டுல அந்த டிபார்ட்மென்ட்டும் நீங்கதான், வக்கீலும் நீங்கதான். மெஷினுக்கு வாங்கின லோனுக்கு இ.எம்.ஐ. ஓடிட்டே இருக்கும். ஷெட் வாடகை ஓடிட்டே இருக்கும். ஃபைல் மட்டும் ஓடாது. ஒரே சட்டம்தான், ஆனா சின்ன ஆளுக்கு அதோட எடை அதிகம். காத்திருக்க முடியாத ஆள்தான் கடைசியில 'வேற வழி' தேடுவான் என்பதையும் நாம மறைக்க வேண்டியது இல்லை.

அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1951-ல் வந்த தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, எந்தப் பொருளைத் தயாரிக்கறது, எங்க தயாரிக்கறது, வருஷத்துக்கு எத்தனை தயாரிக்கறது என்பதுக்கெல்லாம் டெல்லியோட லைசன்ஸ் வேணும். அனுமதிச்ச அளவைத் தாண்டி இஷ்டத்துக்கு உற்பத்தியைக் கூட்ட முடியாது. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருந்த கதையை உங்க தாத்தாகிட்ட கேளுங்க. ஸ்கூட்டர் வாங்க ஆள் இருந்தாங்க, செய்யவும் ஆள் இருந்தாங்க. நடுவுல ஒரு காகிதம் நின்னுச்சு. அதனால ஒரு உயிரும் பிழைக்கல, ஒரு ஆறும் சுத்தமாகல. 1991 ஜூலை 24-ம் தேதி வந்த புதிய தொழில் கொள்கை, 18 தொழில்களைத் தவிர மத்ததுக்கெல்லாம் அந்த லைசன்ஸை எடுத்துட்டது. இன்னைக்கு வெடிமருந்து, பாதுகாப்புத் தளவாடம், அபாயகரமான ரசாயனம், சிகரெட் என்று விரல்விட்டு எண்ணற அளவுக்குத்தான் அது மிச்சம்.

'லைசன்ஸ் ராஜ்' ஒழிஞ்சது நல்லதுதான். ஆனா அந்தப் பேர் மட்டும் தங்கிடுச்சு. இப்ப எந்த அனுமதியைப் பத்திப் பேசினாலும் அதே பேரை ஒட்டிடறோம். ஸ்கூட்டர் எத்தனை செய்யலாம் என்று சொன்ன காகிதமும், கொதிகலன் எத்தனை பார் பிரஷர் தாங்கும் என்று சொல்ற காகிதமும் ஒண்ணா?

சில காகிதங்கள் எங்கிருந்து வந்தன

கொதிகலனையே எடுத்துப்போம், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக. 1863-ல் கல்கத்தாவுல ஒரு கொதிகலன் வெடிச்சு பல பேர் செத்தாங்க. அடுத்த வருஷமே வங்காளத்துல கொதிகலன்களைப் பரிசோதிக்கணும் என்று சட்டம் வந்தது. நாட்டுல இதுதான் முதல் கொதிகலன் சட்டம். அதுலேருந்து வளர்ந்ததுதான் 1923 சட்டம். அதுக்கு மாற்றா 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கு. அந்தப் புதுச் சட்டத்துல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. குற்றம்னு சொல்லப்பட்ட 7 விஷயங்களை ரெண்டாப் பிரிச்சாங்க. உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வரக்கூடிய 4 குற்றங்களுக்குச் சிறைத்தண்டனைக்கு வழி அப்படியே இருக்கு. மத்ததுக்குப் பண அபராதம். எதை இறுக்கணும், எதைத் தளர்த்தணும் என்று பிரிக்க முடியும் என்பதுக்கு இது ஒரு உதாரணம்.

இரண்டாவது உதாரணம் போபால். 1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி விஷவாயு பரவினப்போ, ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவங்களுக்கு என்ன சிகிச்சை கொடுக்கறதுன்னு டாக்டர்களுக்கே தெளிவு இல்லை. பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு அந்த ஆலைக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அதுக்கப்புறம் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்துல புதுசா ஒரு அத்தியாயமே சேர்த்தாங்க. அபாயகரமான ஆலையை எங்க வைக்கலாம் என்று பாக்க ஒரு குழு. உள்ளே என்ன ஆபத்து இருக்கு என்பதைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் நிர்வாகம் சொல்லியே ஆகணும் என்று ஒரு விதி. உயிருக்கு ஆபத்து வரப்போகுதுன்னா நிர்வாகத்தை எச்சரிக்கத் தொழிலாளிக்கு உரிமை.

மூணாவது, நம்ம கற்பனை யூனிட்டுக்கு ரொம்பப் பக்கம். 2022 மார்ச்சில் வேலூர்ல, வீட்டுல சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடிச்சு ஒரு அப்பாவும் மகளும் இறந்தாங்க. அந்த வருஷம் நாட்டுல பல இடத்துல மின்ஸ்கூட்டர் எரிஞ்சது. அதுக்கப்புறம்தான் ஏ.ஐ.எஸ். 156 தரநிலையைத் திருத்தினாங்க. செல், பி.எம்.எஸ்., சார்ஜர், பேக் வடிவமைப்பு, ஒரு செல்லுக்குள்ள ஷார்ட் ஆனா வெப்பம் பக்கத்துச் செல்லுக்குப் பரவறது, எல்லாத்துக்கும் கூடுதல் சோதனை. 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச்லயும் ரெண்டு கட்டமா கட்டாயமாச்சு. மின்வாகனத்துக்கு பேட்டரி செய்யறீங்கன்னா, அந்தச் சோதனைக்கு ஆகற செலவைப் பாத்து உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி எரிஞ்சுபோன ஏதோ ஒரு வண்டி இருக்கு.

பேப்பர் இருந்தும் போன உயிர்கள்

"அப்ப லைசன்ஸ் இருந்தா பாதுகாப்புதானே?" என்று கேட்டா, அதுவும் இல்லை. என் கட்டுரையோட மையமே இதுதான்.

2020 மே 7, விடியற்காலை. விசாகப்பட்டினத்துல எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலேருந்து ஸ்டைரீன் ஆவி கசிஞ்சு 12 பேர் செத்தாங்க, நூத்துக்கணக்கானவங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அந்த ஆலை திருட்டுத்தனமா நடந்தது இல்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவாணை இருந்தது. ஆனா மத்திய சுற்றுச்சூழல் அனுமதி தங்ககிட்ட இல்லைன்னு அந்த நிறுவனமே 2019-ல் எழுதிக் கொடுத்திருந்தது. எழுதிக் கொடுத்த பிறகும் ஆலை ஓடுச்சு. விபத்துக்கு அப்புறம் அரசு அமைச்ச உயர்மட்டக் குழு என்ன கண்டுபிடிச்சது தெரியுமா? ஸ்டைரீன் டேங்க்ல வெப்பநிலையை அடிப்பக்கத்துல மட்டும்தான் அளந்தாங்க. மேல்பக்கம் சூடாகிட்டே போனது யாருக்கும் தெரியல. குளிரூட்டும் அமைப்பை ராத்திரியில நிறுத்தி வெச்சிருந்தாங்க. இது ரெண்டாம் வருஷ இன்ஸ்ட்ருமென்டேஷன் பேப்பர்ல வர்ற கேள்வி. சென்சாரை எங்க வைக்கணும்? ஃபைல்ல எத்தனை முத்திரை இருந்தாலும் இந்தக் கேள்வியை யாரும் டேங்க் பக்கத்துல நின்னு கேக்கலன்னா என்ன பிரயோஜனம்?

நம்ம ஊர்ப் பக்கம் வாங்க. சிவகாசி பட்டாசு ஆலைகளுக்கு லைசன்ஸ் விதி நாட்டுலயே ரொம்பக் கடுமையானது. 15 கிலோ வரைக்கும் வெடிபொருள் கையாளற சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகம் லைசன்ஸ் தரும். அதுக்கு மேல போனா, நாக்பூரைத் தலைமையிடமா வெச்சிருக்கற பெசோ என்ற மத்திய அமைப்பு. ஒரு அறையில எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் எவ்வளவு தூரம், எல்லாமே எண் போட்டு இருக்கும். லைசன்ஸை வேற ஆளுக்குக் குத்தகைக்கு விடக் கூடாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடிச்சு சுமார் 40 பேர் செத்தாங்க. விதிமீறலுக்காக அந்த ஆலையோட லைசன்ஸ் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அப்பவே செய்தி வந்தது. லைசன்ஸ் நின்னுடுச்சு, வேலை நிக்கல. இன்னைக்கும் விருதுநகர் மாவட்டத்துல ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் பேப்பர்ல வர்ற காரணங்களைப் பாருங்க. அளவுக்கு மீறின ஆட்கள், அளவுக்கு மீறின மருந்து, உள்குத்தகை. லைசன்ஸ் இல்லாத ஆலைகளும் வெடிக்குது, லைசன்ஸ் இருக்கற ஆலைகளும் வெடிக்குது.

இந்த ரெண்டு இடத்துலயும் விதி குறைவா இருந்தது பிரச்சினை இல்லை. விதி அதிகமா இருந்ததும் பிரச்சினை இல்லை. நிபந்தனை எழுதின காகிதம் ஆபீஸ் பீரோவுல இருந்தது, அந்த நிபந்தனையால உயிர் பிழைக்க வேண்டியவங்க மருந்து அறையில இருந்தாங்க. ரெண்டும் சந்திக்கவே இல்லை.

எண்ணிக்கையில மட்டும் மாறினா போதாது

இப்ப எல்லா அரசும் 'எளிமையாக்கறோம்' என்று சொல்லுது. தமிழ்நாட்டுல 2018-லேயே ஒற்றைச் சாளர முறைக்குன்னு தனிச் சட்டம் வந்தாச்சு. பத்து ஆபீஸ் வாசல்ல நிக்காம ஒரே தளத்துல விண்ணப்பிக்கலாம். இதை நான் முழு மனசோட வரவேற்கறேன். ஆனா சாளரம் ஒண்ணாகறதால நிபந்தனை ஒண்ணாகிடாது. வேகமா கிடைக்கற காகிதம் வேகமா பீரோவுக்குத்தான் போகும்னா நமக்கு என்ன லாபம்?

இன்னொரு மாற்றம் நம்மை நேரடியா தொடும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின்படி மின்சாரத்தோட 10 பேர் வேலை செஞ்சா அது தொழிற்சாலை. மின்சாரம் இல்லாம 20 பேர். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20-ஆகவும் 40-ஆகவும் உயர்த்தியிருக்கு. அதாவது, 15 பேர் பிரஸ் மெஷின் ஓட்டற ஒரு பட்டறை நேத்து வரைக்கும் தொழிற்சாலை. இன்னைக்கு அது 'தொழிற்சாலை' இல்லை. சின்ன முதலாளிக்குச் சுமை குறையும் என்பது சரிதான். ஆனா பிரஸ் மெஷினுக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது. 15 பேர் இருந்தாலும் 25 பேர் இருந்தாலும் கார்டு மாட்டலன்னா கை போகும். தலையை எண்ணிச் சலுகை கொடுக்கறதைவிட, மாசு வாரியம் செஞ்ச மாதிரி ஆபத்தை எண்ணிச் சலுகை கொடுக்கறதுதான் சரின்னு நான் நினைக்கறேன்.

அதனால என் வாதம் மூணு வரிதான்.

ஒண்ணு, உயிரோட சம்பந்தமே இல்லாத அனுமதிகளை வெறும் பதிவாக்குங்க. ஒரே விவரத்தை அஞ்சு துறைக்கு அஞ்சு படிவத்துல எழுதற கொடுமையை நிறுத்துங்க. வெள்ளை வகைத் தொழிலுக்கு மாசு வாரியம் தளர்த்தின மாதிரி மத்த துறைகளும் தளர்த்தட்டும்.

ரெண்டு, உயிரோட சம்பந்தப்பட்ட லைசன்ஸை இறுக்குங்க. அதோட, அதோட நிபந்தனைகளை ஆலை வாசல்ல தமிழ்ல எழுதி வைக்கறதைக் கட்டாயமாக்குங்க. சட்டத்தோட பிரிவு எண்ணெல்லாம் வேண்டாம். 'இந்த அறையில 4 பேருக்கு மேல கூடாது', 'இந்த டேங்க் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது' மாதிரி, அந்தந்த இடத்துக்கான எண் மட்டும் போதும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தா இந்தியிலயும் ஒடியாவுலயும் எழுதுங்க. போபாலுக்கு அப்புறம் தெரிஞ்சுக்கற உரிமை சட்டத்துல வந்தாச்சு. அது சுவத்துலயும் வரணும். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற இன்ஸ்பெக்டரைவிட, தினமும் எட்டு மணி நேரம் அந்த அறையில இருக்கற அக்காதான் நல்ல இன்ஸ்பெக்டர். அவங்களுக்கு எண் தெரிஞ்சா போதும்.

மூணாவது நமக்கு. சுயசான்று, அதாவது 'நாங்களே சரிபார்த்துட்டோம்' என்று எழுதிக் கொடுக்கற முறை வளர்ந்துட்டே வருது. கொதிகலனைக்கூட இப்ப தகுதி பெற்ற தனிநபர்கள் பரிசோதிச்சுச் சான்று தரலாம். கட்டட உறுதிச் சான்று, மின் பாதுகாப்புச் சான்று, இதுலயெல்லாம் இஞ்சினியர் கையெழுத்து வேணும். இன்ஸ்பெக்டர் வர்றது குறையக் குறைய அந்தக் கையெழுத்தோட எடை கூடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே "சும்மா ஒரு சைன் போடுங்க தம்பி, எல்லாம் செக் பண்ணியாச்சு" என்று ஒரு பேப்பர் உங்க மேஜைக்கு வரலாம். 'செக் பண்ணியாச்சு' என்று சொன்னவர் பேர் அந்தப் பேப்பர்ல இருக்காது. உங்க பேர் இருக்கும்.

நாலு வருஷத்துல நாம ஐம்பது சப்ஜெக்ட் எழுதறோம். ஒரு இசைவாணை எப்படி இருக்கும், அதுல எத்தனை நிபந்தனை இருக்கும், அதை எப்படி டேங்க்கோடயும் சிம்னியோடயும் ஒப்பிட்டுப் பாக்கறது என்று ஒரு யூனிட்கூட சிலபஸ்ல இல்லை. சிலபஸ் மாற வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம். அடுத்த மாசம் ஜூனியர்ஸுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் இருக்கு. வழக்கமா கன்வேயர் பக்கத்துல குரூப் போட்டோ எடுத்துட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, பஸ்ல பாட்டு போட்டு வந்துடுவோம். இந்தத் தடவை சுத்திக் காட்டற இஞ்சினியர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "சார், உங்க இசைவாணையில இருக்கற நிபந்தனை ஏதாவது ஒண்ணை எங்களுக்குக் காட்டுங்க. அது இந்த ஃப்ளோர்ல எங்க இருக்கு?"

அவர் நேரா ஒரு மீட்டர் பக்கத்துல கூட்டிட்டுப் போய் நிறுத்தினா, அது நல்ல ஆலை. ரெஸ்யூமே அங்க அனுப்புங்க.